தடுப்பு வாயிலில் நீலக்கொக்கு

ஐப்பசித் திங்களின் முற்பகல் வேளை. கீழ்க்கடலில் எழுந்த ஏற்றநீர் தேம்சு ஆற்றின் முகத்துவாரத்தினுள் புகுந்து, சேற்றுத் திட்டுகளை ஒவ்வொன்றாய் விழுங்கி, கரையோர நாணல்களைத் தலைசாய்த்து, இலண்டன் மாநகரை நோக்கி விரைந்துகொண்டிருந்தது. வடகரையில் பார்க்கிங் என்னும் ஊரின் ஓடை தன் கலங்கல் நீரைப் பேராற்றில் சேர்க்குமிடத்தில் பண்டசாலைகளின் தகரக் கூரைகள் மேகத்தின் நிறத்தையே தாமும் பூண்டு மங்கிக் கிடந்தன. தென்கரையில் புதிதாய் எழுந்த அடுக்குமாடங்களின் கண்ணாடிப் பலகணிகளில் மட்டும், முகிலிடை நழுவிய ஓரிரு கதிர்கள் மின்னி மறைந்தன. மேற்கே, ஆற்றை மறித்து நின்ற வெள்ளத்தடுப்பு வாயிலின் வெள்ளிக் கவிகைகள், முடியணிந்த மறவர் மார்பளவு நீரில் அணிவகுத்து நிற்பதுபோல் தோன்றின. தென்மேல் காற்று விட்டுவிட்டு வீசியது. அது நல்ல காற்றன்று என்பதை ஆற்றோடு பழகியவர் அனைவரும் அறிந்திருந்தனர்.

அறிவுசால் வாசகரே, அந்த ஆற்றின்மேல் அன்று வந்த கலத்தை நீவிர் கண்டிருப்பின், காலம் தன் ஏட்டைப் பின்னோக்கிப் புரட்டிவிட்டதோ என ஐயுற்றிருப்பீர். பருத்த வயிறும், வானளாவிய மூன்று பாய்மரங்களும், இருபுறமும் ஈரடுக்காய் வாய்திறந்து நிற்கும் பீரங்கித் துளைகளும், மாளிகை முகப்பென உயர்ந்து பொன்பூச்சுச் செதுக்கல்களால் ஒளிர்ந்த பின்புறமும் உடைய ஒல்லாந்தப் போர்க்கலம் அது. பதினேழாம் நூற்றாண்டில் அந்நாட்டார் கட்டிய கலமொன்றின் அளவு பிசகாமல், அவர்தம் வழித்தோன்றல்கள் பன்னீராண்டு உழைத்துக் கருவாலி மரத்தால் மீண்டும் இழைத்தெடுத்தது. நீலக்கொக்கு என்பது அதன் பெயரின் பொருள். ஆழமற்ற தம் கரைக்கடலுக்கேற்ப அந்நாளைய ஒல்லாந்தர் தம் கலங்களுக்குத் தட்டையான அடிப்புறம் அமைத்தனர். அவ்வமைப்பால் மணல்திட்டுகளின்மேல் அவை வாத்துபோல் மிதந்தன. பக்கவாட்டில் தள்ளும் காற்றுக்கும் நீருக்கும் எளிதில் இணங்கிவிடுவதும் அவ்வமைப்பாலேயே நேர்ந்தது. இத்தகைய கலங்கள் ஒருகால் இதே ஆற்றின் வாயிலில் பகையாய்ப் புகுந்து, அண்டை ஆற்றில் நின்ற ஆங்கிலக் கலங்களை எரியூட்ட, இலண்டன் மக்கள் தட்டுமுட்டுகளை வண்டியேற்றி ஓடியதுண்டு. இன்றோ அந்த இலண்டன் மக்களின் வழிவந்தோர் இருகரையிலும் நின்று கையசைத்து வரவேற்றனர்.

கலத்தை முன்னின்று ஓர் இழுவைப்படகு வடங்கட்டி இழுத்துச் செல்ல, பின்னே மற்றொன்று, கட்டுமீறி ஓடாதபடி அதைப் பிடித்திழுத்தவாறு தொடர்ந்தது. பின்படகின் தலைவன் கிறிஸ்துராஜா. நாற்பத்தேழு அகவையினன், மன்னார்த் தீவில் பிறந்து, பன்னிரண்டாம் அகவையில் போரினின்று தப்பிப் பெற்றோருடன் இந்நகர் சேர்ந்து, இருபத்தோராண்டாக இந்த ஆற்றிலேயே தொழில்புரிபவன். ஏனைய படகோட்டிகளுக்கு அந்தப் பொன்பூச்சுக் கலம் கண்ணுக்கினிய காட்சி. அவனுக்கோ அது நெஞ்சில் தைத்த முள். ஒல்லாந்தர் மன்னாரைக் கைப்பற்றிய நாளில் கத்தோலிக்கக் கோயில்களை அடைத்து, குருமாரை விரட்டி, செபமாலை வைத்திருந்தோரைத் தண்டித்த கதையை அவன் தந்தை பீற்றர், நேற்று நிகழ்ந்ததுபோல் சொல்லிச் சொல்லி அவனை வளர்த்திருந்தார். அந்தத் தந்தையின் மகள், கிறிஸ்துராஜாவுக்கு ஒன்பதாண்டு இளைய மேரிசாந்தி, ஒல்லாந்து நாட்டுக்குப் படிக்கப்போய், இதே நீலக்கொக்கில் வடங்களுக்கும் பாய்களுக்கும் பொறுப்பாளராய்ப் பணிக்கமர்ந்தாள். அவ்விழப்பைப் பீற்றர் வாய்விட்டுச் சொல்லாமலே விழுங்கினார்.

ஆறாண்டுக்கு முன் அவர் பார்க்கிங் ஊரிலிருந்த தம் இல்லத்தில் கண்மூடியபோது நீலக்கொக்கு நடுப்பெருங்கடலில் நின்றது. பதினேழு நாள் கழித்துக் கறுப்புடையும் கையில் பூக்களுமாக வந்து நின்ற தங்கையிடம், “அப்பாவை விட உனக்கு அந்தக் கப்பல் பெருசாப் போச்சுது. போ, அதிலயே இரு,” என்று சொல்லிக் கதவைச் சாத்தினான் கிறிஸ்துராஜா. அன்று சாத்திய கதவு ஆறாண்டாகத் திறக்கவில்லை.

இன்று காலை அவன் வேலைக்குப் புறப்படுகையில், அவன் மனைவி அருள்மலர் தேநீரை முன்வைத்து, சற்றே தயங்கி நின்றாள்.

“இஞ்சேருங்கோ, அந்தக் கப்பலில சாந்தியும் வாறா. தெரியுமோ?”

“தெரியும்.”

“போன கிழமை எனக்கு மெசேஜ் போட்டவ. ஒரு வார்த்தை கதைச்சா என்ன குறைஞ்சு போகும்?”

“நான் என்ர வேலையைப் பாக்கப் போறன்,” என்றான் அவன். தேநீர் ஆறியது. குடிக்காமலே எழுந்தான்.

கலத்தின் பின்மாடத்தில், மஞ்சள் மேலங்கியும் பின்னிக் கட்டிய கூந்தலுமாக, அவன் படகிலிருந்து சென்ற வடத்தைத் தன் கையாலேயே கட்டுத்தறியில் மாட்டிய பெண்ணை அவன் ஒரே பார்வையில் இனங்கண்டான். அதன்பின் அத்திசையில் முகத்தைத் திருப்பவில்லை. இருவருக்குமிடையே முந்நூறு அடி வடமொன்று விறைத்துக் கிடந்தது. அவ்வளவே அன்று அவர்தம் உறவு.

வூலிச் துறையைக் கடந்து, தடுப்பு வாயில் அரைமைல் தொலைவில் தெரியத் தொடங்கிய வேளையில் அது நேர்ந்தது. திடுமெனத் தென்கரையினின்று பாய்ந்த ஒரு வன்காற்று, பாய்கள் சுருட்டப்பட்டிருந்தும் அந்த உயர்ந்த மரங்களையும் மாடத்தையும் ஒருசேரப் பற்றித் தள்ளிற்று. கலம் வடபுறம் சாய்ந்து விலக, முன்படகின் வடம் நாணேறிய வில்லென அதிர்ந்து, இடியொலியோடு அறுந்தது. அறுந்த வடத்தின் தலைப்பு நீரில் விழுந்து, அம்முன்படகை உந்தும் சுழலியிலேயே சுற்றிக்கொள்ள, அப்படகு பொறி முடங்கிக் கரையோரம் ஒதுங்கி நங்கூரத்தை வீசித் தன்னுயிரைக் காத்துக்கொண்டது. நீலக்கொக்கின் மாலுமிகளும் தம் நங்கூரத்தை இறக்கினர். நீரோட்டம் அரித்து வழித்த அடிநிலத்தில் அது பற்றாமல் சறுக்கிற்று. தொண்ணூற்று மூன்று உயிர்களைச் சுமந்த அம்மரக்கலம், ஏற்றநீரின் முதுகிலேறி, தடுப்பு வாயிலின் கற்றூணை நோக்கிச் செல்லத் தொடங்கியது.

எஞ்சியிருந்தது கிறிஸ்துராஜாவின் வடம் ஒன்றே. அவன் பொறியை முழுவிசையில் பின்னோக்கி ஓட்டினான். படகின் பின்புறம் நீரை வெண்ணுரையாய்க் கடைந்தது. வடம் நீர்த்துளிகளைச் சிதறியபடி விறைத்தது. கலத்தின் வேகம் தளர்ந்தது, இன்னும் தளர்ந்தது, ஏறத்தாழ நின்றேவிட்டது. துறைமுகக் காவலர் வானொலியில் உதவிப்படகொன்று இருபது நிமிடத்தில் வந்துசேரும் என்றனர். இருபது நிமிடம் பிடித்துநிற்கலாம் என்று அவன் எண்ணிய கணத்தில், அவன் கையிலிருந்த சுக்கான் உருளை வழியே ஒரு நடுக்கம் ஏறி வந்தது. வடம் அறவில்லை. வடத்தின் மறுமுனையில் ஏதோ இளகிக்கொண்டிருந்தது.

வானொலியில் ஆங்கிலமும் ஒல்லாந்தமும் ஒன்றையொன்று நெரித்துக் கூச்சலிட்டன. கலத்தலைவரின் குரலைக் காவலரின் குரல் மறைத்தது; அதைப் பிறிதொரு படகின் குரல் மறைத்தது. அந்த இரைச்சலின் நடுவே, எவரும் எதிர்பாராத ஒரு மொழி தெளிந்த நீர்போல் வந்து விழுந்தது.

“அண்ணை, நான் சாந்தி. கேக்குதோ?”

ஏனைய குரல்கள் அனைத்தும் வியப்பால் வாயடைத்தன.

“கேக்குது. சொல்லு,” என்றான் அவன். தன் குரல் தனக்கே அயலாய் ஒலித்தது.

“உங்கட வடம் கட்டியிருக்கிற கட்டை பிடுங்குப்படுது. அடியில மரம் பிளந்திட்டுது. அஞ்சு நிமிசம் கூடத் தாங்காது.”

“வேற எங்கையாவது மாத்திக் கட்ட ஏலுமோ?”

“ஓம். நடுப் பாய்மரத்தின்ர அடியைச் சுத்தி ஒரு பெரிய வடம் கொண்டந்து வச்சிருக்கிறன். உங்கட வடத்தின்ர முனைக் கண்ணியைக் கழட்டி அதில கொளுவ வேணும். இறுகிக் கிடக்கு, கழட்ட ஏலாது. நாப்பது செக்கன் தளர விடுங்கோ.”

கிறிஸ்துராஜா தூணைப் பார்த்தான். கலத்தின் முனைக்கும் அதற்கும் இடையே நானூறு அடி நீர் கிடந்தது. அவன் பிடியை விட்டால், நாற்பது நொடியில் ஏற்றநீர் அதில் இருநூறு அடியை விழுங்கிவிடும். அதற்குள் அவள் கைகள் தவறினால் மீண்டும் பிடிக்க வடமுமிராது, வழியுமிராது. அருகில் நின்ற ஆங்கிலத் துணைவன் நடந்த உரையாடலின் பொருள் தெரியாமல் அவன் முகத்தையே நோக்கினான். பிடியை விடாதே என்றன, இருபத்தோராண்டுப் பழக்கத்தில் இறுகிய அவன் கைகள். ஆயினும் அந்தக் குரலில் நடுக்கமில்லை என்பதை அவன் செவி குறித்துக்கொண்டது. அவள் சிறுமியாயிருந்தபோது, தான் செய்யக்கூடியதைச் செய்வேன் என்றும் கூடாததைக் கூடாதென்றும் இதே குரலில்தான் சொல்வாள்.

“சாந்தி, நான் விடுறன். நீ முடிச்ச உடன ஒரு சொல்லு சொல்லு. கை கவனம்.”

“ஓம் அண்ணை.”

அவன் பொறியைத் தாழ்த்தினான். விறைத்திருந்த வடம் தளர்ந்து, வளைந்து, நீரில் தோய்ந்தது. கட்டற்ற நீலக்கொக்கு, தடை நீங்கிய யானைபோல், தூணை நோக்கி நகர்ந்தது. கரையில் கையசைத்திருந்த மக்கள் கைகளைத் தாழ்த்தினர். பின்மாடத்தில் அந்த மஞ்சள் மேலங்கி குனிவதும், நால்வர் அதனோடு சேர்ந்து இழுப்பதும், பின் யாவரும் மாடத்தின் மறைவில் ஒடுங்குவதும் தெரிந்தன. அவன் உதடுகள் எண்ணின. முப்பது வந்தது. நாற்பதும் வந்து போனது. வானொலியில் ஒலியில்லை. தூணின் பாசி படிந்த பக்கமும் அதில் மோதித் திரும்பும் நீரின் வெண்மையும் இப்போது தனித்தனியே கண்ணுக்குத் தெரிந்தன. நாற்பத்தாறு. நாற்பத்தேழு.

“சரி. இழுங்கோ,” என்றது குரல்.

அவன் இழுத்தான். மெல்லத் தொடங்கி, வடம் நிமிர்ந்தபின் விசையைக் கூட்டி, இறுதியில் படகின் விலாவெலும்புகள் அனைத்தும் முனகும் அளவுக்கு இழுத்தான். பிளந்த கட்டுத்தறியை விட்டு, கலத்தின் நெஞ்செலும்பையே பற்றிய வடம், இம்முறை நடுங்கவில்லை. நீலக்கொக்கின் முனையில் செதுக்கப்பட்ட கொக்கின் அலகு, தூணுக்கு எழுபது அடி இப்பால் நின்றது. அங்கேயே நின்றது. நீர் மட்டுமே இருபுறமும் ஓடியது.

உதவிப்படகு வந்ததும், இருவடம் பூட்டி, கலத்தை வூலிச் துறைக்கே திருப்பிக் கொணர்ந்ததும், ஒருவருக்கும் சிறு காயத்துக்கு மேல் இல்லை என்று காவலர் அறிவித்ததும், அதன்பின் நண்பகலுக்குள் நிகழ்ந்தன. செய்தி கேட்ட கிறிஸ்துராஜா சுக்கான் உருளையை விட்டான். சுக்கான் அறையின் தரையிலேயே அமர்ந்து, நெடுநாள் மூச்சடக்கி நீரடியில் கிடந்தவன் மேலெழுந்ததுபோல், பலமுறை மூச்சை உள்வாங்கி வெளிவிட்டான். ஆங்கிலத் துணைவன் ஒரு குவளைத் தேநீரை அவன் கையில் திணித்தான். அதை அவன் கடைசிச் சொட்டுவரை குடித்தான்.

துறையில் மேரிசாந்தி மரப்படிகளில் இறங்கி வந்து, மூன்றடி தள்ளி நின்றாள்.

“கையைக் காட்டு,” என்றான் அவன்.

நீட்டினாள். இரு உள்ளங்கைகளிலும் வடம் உரசிய சிவந்த தடங்கள்.

“தோல்தான் உரிஞ்சது, அண்ணை. நீங்கள் விடமாட்டியள் எண்டு நினைச்சன்.”

“நானும் அப்பிடித்தான் நினைச்சன்.”

அவள் சிரித்தாள், சிரிப்பு பாதியில் அழுகையாயிற்று. “அப்பான்ர செத்தவீட்டுக்கு நான் வந்திருக்க வேணும்.”

“நடுக்கடலில நிண்டவள் எப்பிடி வருவாய்?” என்றான் அவன், அவள் கைகளை விடாமலே. “அது எனக்கு அண்டைக்கே தெரியும். தெரிஞ்சுதான் அப்பிடிச் சொன்னனான். என்ர பிழை, சாந்தி.”

அவள் அவன் தோளில் நெற்றியை ஊன்றி, அழுகை அடங்குமட்டும் நின்றாள். பொன்பூச்சு ஒளிர்ந்த மாடத்தினின்று கலத்தலைவர் தொப்பியைக் கழற்றித் தலைதாழ்த்தியதைக் கிறிஸ்துராஜா கண்டான். தானும் தலைதாழ்த்தினான். தந்தை இருந்திருப்பின் என்ன சொல்லியிருப்பார் என்ற எண்ணம் ஒருகணம் எழுந்தது. கோயிலை அடைத்தவர்கள் மாண்டு முந்நூறு ஆண்டாயிற்று. அந்தக் கலத்தில் இன்று நின்று நடுங்கியவர்களோ, பிள்ளைகளுக்குத் தொலைபேசியில், நாங்கள் நலம், நாங்கள் நலம் என்று சொல்லிக்கொண்டிருந்தனர். தந்தை கதைகளை மறந்திருக்கமாட்டார். ஆயினும் வடத்தையும் விட்டிருக்கமாட்டார் என்று அவனுக்குத் தோன்றியது.

பிற்பகலில் அவளை மகிழுந்தில் ஏற்றிக்கொண்டு பார்க்கிங் நோக்கிப் புறப்பட்டான். கைப்பேசியில் அருள்மலருக்கு அவன் சொன்னது, “சாந்தியும் வாறா, சோறு வை,” என்பது மட்டுமே. மறுமுனையிலிருந்து, “ஓம், வைக்கிறன்,” என்று விடை வந்தது. மேரிசாந்தி, மருந்துக் கட்டிட்ட கைகளை மடியில் வைத்தவாறே, முதல் திருப்பத்திலேயே உறங்கிப்போனாள். வீட்டின்முன் வண்டியை நிறுத்தியவன் பொறியை அணைத்தான். ஆனால் அவளை எழுப்பவில்லை. வாயிலுக்கு வந்த அருள்மலர் கண்ணாடி வழியே இருவரையும் கண்டு, அழைக்க எடுத்த வாயை மூடி, தூறலையும் பொருட்படுத்தாமல் அங்கேயே நின்றாள்.

பகைமையால் புகழ்பெற்ற கலங்கள் பலவற்றைக் கடல் உண்டது; அவற்றின் பீரங்கிகள் இன்று சேற்றில் துருவேறிக் கிடக்கின்றன. மானுடர் நெஞ்சில் சுமக்கும் பகையோ அத்துணை எளிதில் மூழ்குவதில்லை. இறுகப் பற்றுவது வலிமையென்றே நாம் அனைவரும் பயின்றிருக்கிறோம். விட வேண்டிய நாற்பது நொடிகளில் விடுவதற்கு அதனினும் பெரிய வலிமை வேண்டும். அன்பரே, அத்தெருவில் அன்று உறங்கியவளின் சீரான மூச்சொலியன்றி வேறோர் ஒலியுமில்லை. அதைக் கேட்டுக்கொண்டு, சுக்கானை விட்ட கைகளுடன், அவள் தானே விழிக்குமட்டும் அவன் அமர்ந்திருந்தான்.