பொன்னாயியின் உச்சியில் இருந்த எண்

ஏற்காட்டிலிருந்து குப்பனூருக்கு இறங்கும் பக்கத்தில் ஒரு காப்பி எஸ்டேட் இருக்கிறது. அங்கே தராசில் ஐம்பது கிலோ காட்டும் பழமூட்டை, பெண்களின் தலைக்கு ஏறியதும் எட்டு கிலோ ஆகிவிடும். இறக்கி வைத்தால் மறுபடி ஐம்பது. கணக்கெழுதப் புதிதாக வந்த ரைட்டர் இரண்டு முறை தராசை மாற்றிப் பார்த்தார். பிறகு அவரும் பழகிக்கொண்டார்.

காரணம் எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். யுத்த காலத்தில் ஒரு கார்த்திகை மாதம், மூடுபனியில் வழிதெரியாமல் ஒரு சின்ன விமானம் பள்ளத்துப் பாறையில் மோதி விழுந்தது. ஓட்டி வந்த வெள்ளைக்காரப் பையனை எஸ்டேட் ஆட்களே பலாமரத்தடியில் புதைத்துக் கல் நட்டார்கள். பேர் தெரியாததால் கல்லில் ஒன்றும் எழுதவில்லை. சிதறிக் கிடந்த தகரத்தில் ஆளுக்கொரு துண்டு எடுத்துக்கொண்டார்கள். அதிலொன்றைச் சும்மாட்டுத் துணிக்குள் வைத்து மூட்டை தூக்கியவள், பாதி வழியில் நின்று, மூட்டை தலையில் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தாளாம். அன்றிலிருந்து அந்த லைனில் மாமியார் மருமகளுக்கு நகை போடுகிறாளோ இல்லையோ, தகரத்தைக் கொடுத்துவிடுவாள். அப்படி மருமகளாக வந்த பொன்னாயிக்குக் கிடைத்தது உள்ளங்கை அகலத் துண்டு. அதில் எண்கள் பொறித்திருந்தன. முப்பத்தொரு வருடம் அதை வைத்துத்தான் சுமந்தாள். கழுத்தெலும்பு தேய்ந்துவிட்டது, பத்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்று சேலத்து டாக்டர் சொன்னபோதும் அவள் பயப்படவில்லை. எட்டுக்கு மேல் அவள் தூக்கியதே இல்லையே.

போன சித்திரையில், யுத்தத்தில் விழுந்த விமானங்களைத் தேடியெடுக்கும் கூட்டம் ஒன்று சேலத்திலிருந்து ஜீப்பில் வந்தது. அதில் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற லூர்துராஜும், காலேஜில் பாடம் நடத்தும் ஷீனாவும் நான்கு வருடமாக ஞாயிறுதோறும் அந்தப் பள்ளத்தில் முள்ளில் கிழிபட்டு அலைந்து, கடைசியில் இன்ஜினைக் கண்டுபிடித்திருந்தார்கள். ஆனால் அந்த மாதம் இந்தப் பக்கம் காணாமல் போனவை மூன்று விமானங்கள். எண் பொறித்த தகடு கிடைத்தால்தான் பலாமரத்தடியில் கிடப்பது யாரென்று சொல்ல முடியும். தண்ணீர்க் குழாயடியில் ஷீனா மூன்று பையன்களின் போட்டோவைக் காட்டினாள். ஒருவனுக்குத் தங்கை உயிரோடு இருக்கிறாள், தொண்ணூற்றிரண்டு வயது, அண்ணன் எங்கே விழுந்தான் என்று இன்றும் கடிதம் போட்டுக் கேட்கிறாள் என்றாள்.

பெண்கள் அவரவர் துண்டை அரிசிப் பானைக்குள் ஒளித்தார்கள். பொன்னாயியும் ஒளித்தாள். தகரம் போனால் மூட்டை தூக்க முடியாது, வேலை நின்றால் லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும். மூன்றாம் நாள் காலையில், ஜீப் கிளம்புமுன், பானைக்குள் கையை விட்டாள்.

“ஏம்மா, உனக்கென்ன கிறுக்கா? நாளைக்கு எப்புடி மூட்டை தூக்குவ?” என்றாள் மகள் கவியா.

“முப்பத்தொரு வருசமா எம்பட பாரத்த அவன் தூக்கியிருக்கான் கண்ணு. ஒருநாளும் கூலி கேக்கல. அவம் பேரு என்னன்னு நாங் கேட்டனா?”

கொண்டுபோய்க் கொடுத்தாள். ஷீனா திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தகடு கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது, எண் ஒன்றுகூட இல்லை. லூர்துராஜ் ஜீப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

“ஏனுங்கக்கா, எதப் போட்டுத் தேச்சீங்க?” என்றாள் ஷீனா.

“புளிதானுங்க. ஆயுத பூசைக்கு அருவாள், செடி வெட்டற கவ்வாத்துக் கத்தியெல்லாம் பளபளன்னு இருக்கும்போது இத மட்டும் அழுக்கா வெக்க முடியுங்களா? எங்க மாமியாளும் அப்புடித்தான் தேச்சாங்க.”

பின்னாலேயே வந்திருந்த கவியா சிரித்தாள். “எண்ணுதானுங்க வேணும்? அது எங்கம்மா மண்டையில இருக்குது. எண்ணெய் வெக்கையில வெரலுல தட்டுப்படும்.”

பொன்னாயியை ஜீப் படியில் உட்காரவைத்து மயிரை வகிர்ந்தார்கள். உச்சித் தோலில் ஐந்து எண்கள் புடைத்து நின்றன, இடவலம் மாறி. லூர்துராஜ் ஜீப்பின் பக்கக் கண்ணாடியைக் கழற்றிப் பிடித்தார், ஷீனா ஒவ்வொன்றாக வாசித்தாள். “நல்லாப் பாத்துக்கங்க சாமி, பேனு கீனு இருந்தா எண்ணுல சேத்தறாதீங்க” என்றாள் பொன்னாயி. அது தங்கை உள்ள பையனின் விமான எண்தான். பேர் வில்பிரட், வயது இருபத்திரண்டு.

மறுநாள் வெறும் துணிச் சும்மாட்டோடு பொன்னாயி மூட்டைக்கு முன்னால் நின்றாள். கண்ணை மூடிக்கொண்டு, “வில்பிரட்டு சாமி, தூக்கறனுங்க” என்றாள். மூட்டை ஏறியது. எட்டு கிலோதான். அதைப் பார்த்த மற்றவர்களும் அரிசி தட்டித் தங்கள் துண்டுகளைக் கொடுத்தார்கள். ஒருத்தி உச்சியில் ஆணித் தடம், இன்னொருத்திக்குச் சக்கரத்தின் ஒரு விளிம்பு. ஒருவருக்கும் பாரம் கூடவில்லை.

கல்லில் பேர் வெட்டியாகிவிட்டது. தங்கையிடமிருந்து, நன்றி என்ற ஒரே சொல்லைக் கோணலாகத் தமிழில் எழுதிய கடிதம் வந்தது. ஆயுத பூஜையன்று அரிவாளுக்கும் கத்திக்கும் சந்தனம் வைத்த பிறகு, கவியா அம்மாவின் உச்சியிலும் ஒரு பொட்டு வைக்கிறாள். புளி மட்டும் போடுவதில்லை.