சம்மதத் தாளின் மூன்றாம் பக்கம்

ஜானவி பன்னிரண்டு வருஷம் முயல்களோடு மல்லுக்கட்டினாள். நல்ல கண்ணின் கருவிழி ஓரத்திலிருந்து கடுகளவு கிள்ளி எடுத்து, அதிலிருக்கும் ஸ்டெம் செல்களைக் கிண்ணத்தில் வளர்த்து, மெல்லிய சவ்வாக்கி, வெந்துபோன கண்ணில் ஒட்டுவது. அதுதான் அவள் வேலை. முயலுக்குப் பார்வை வந்தது. மனுஷருக்கு எப்போது என்று ஸ்ரீவராகத்து வீட்டில் அவள் அம்மா கேட்டுக் கேட்டு, கேட்பதையே விட்டுவிட்டாள்.

பதின்மூன்றாம் வருஷம் மனுஷருக்குச் செய்து பார்க்க அனுமதி வந்தது. முதல் ஆள் உச்சிமாகாளி, தமிழ்நாட்டிலிருந்து வந்து விழிஞ்ஞத்தில் வேலை பார்க்கும் கொத்தனார். சுண்ணாம்பு தெறித்து இடது கண்ணில் வெள்ளைத் திரை விழுந்துவிட்டது. அவருடைய வலது கண்ணிலிருந்து கடுகளவு எடுத்தாள். பதினான்கு நாளில் சவ்வு விளைந்துவிடும். பதினாறாம் நாளுக்குள் ஒட்ட வேண்டும். தாண்டினால் செல்கள் செத்துப்போகும்.

பதின்மூன்றாம் நாள் காலையில், நெறிமுறைக் குழுவின் செயலாளர் பாகீரதி கோப்போடு வந்து நின்றாள். ஜானவியோடு ஒரே பள்ளியில் படித்தவள்.

"ஜானவி, இந்த உச்சிமாகாளிக்கு மலையாளம் வாசிக்கத் தெரியுமோ?"

"நன்னாப் பேசறாரே. பதினோரு வருஷமா இங்கதானே இருக்கார்."

"பேசறதைக் கேக்கலைடி. வாசிக்கறதைக் கேக்கறேன். அவர் கையெழுத்துப் போட்ட சம்மதத் தாள் மலையாளத்துலன்னா இருக்கு."

ஜானவியைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். பிறந்ததிலிருந்து வீட்டில் தமிழ்தான் பேசுகிறாள், படித்ததெல்லாம் மலையாளம். தமிழில் தன் பேரைக்கூட எழுதவோ வாசிக்கவோ வராது. தானே அப்படி இருந்தும், எதிரே உட்கார்ந்து கையெழுத்துப் போட்டவருக்கும் ஒரு பாஷை பேச்சோடு நின்றிருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றவில்லை பாருங்கள்.

"ஒவ்வொரு வரியா நான் தமிழ்ல சொன்னேனே!"

"அவர் வாசிக்கற பாஷையில தாள் வேணும்னு நீயேதான் எழுதிக் குடுத்திருக்கே. இதோ, உன் கையெழுத்து."

"நாளைக்கே யாரையாவது வெச்சுத் தமிழ்த் தாள் ரெடி பண்றேன்."

"குழு பாஸ் பண்ணணும். அடுத்த கூட்டத்துக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கு."

"அதுக்குள்ள செல் செத்துடும், பாகீ!"

"எனக்கு மட்டும் சந்தோஷமாக்கும்?"

ஜானவி குழுத் தலைவருக்குப் போன் போட்டாள். அவர் டெல்லியில் இருந்தார். ஆய்வு நிலைய இயக்குநரிடம் ஓடினாள். விதியை மாற்ற முடியாது என்று அவர் மெயில் போட்டார், அடுத்த அறையிலிருந்தே.

பதினாறாம் நாள் உச்சிமாகாளி வந்தார். விஷயத்தைச் சொன்னதும் அந்தச் சவ்வைப் பார்க்க வேண்டும் என்றார். நல்ல கண்ணை மைக்ராஸ்கோப்பில் வைத்தவர் வெகுநேரம் அதை எடுக்கவில்லை.

"தளக்கல்லு பதிச்ச மாதிரிலா இருக்கு! சந்து விடாமப் பதிச்சிருக்கு. இதயா தூரப் போடப் போறீய?"

"ஆமாம்."

"நான்தான் கையெழுத்துப் போட்டேம்லா?"

"வாசிக்காம போட்டேளே."

"நீங்க சொன்னீய, போட்டேன். டாக்டரம்மா சொன்ன பெறவு நான் என்னத்த வாசிக்க?"

அன்று சாயங்காலம் ஜானவியே அந்தக் கிண்ணத்தை மஞ்சள் பையில் போட்டு முடிச்சுப் போட்டாள். கழிவு வண்டிக்காரன் மற்ற பைகளோடு சேர்த்து அதையும் வீசினான்.

கூட்டம் கூடித் தமிழ்த் தாளுக்கு அனுமதி கொடுத்தது. இனிமேல் முதலிலிருந்து தொடங்க வேண்டும். வலது கண்ணில் மறுபடியும் கிள்ள வேண்டும். உச்சிமாகாளி வந்து, தாளை முகத்தருகே பிடித்து ஒற்றைக் கண்ணால் வாசித்தார். மூன்றாம் பக்கம் போனவர் இரண்டாம் பக்கத்துக்குத் திரும்பினார். மறுபடி மூன்றாம் பக்கம். ஜானவி பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தாள்.

"நல்ல கண்ணும் மங்கிப்போக வாய்ப்பிருக்குன்னு இதுல போட்டிருக்கே?"

"அன்னிக்கே சொன்னேனே, சின்ன ரிஸ்க் உண்டுன்னு."

"ரிஸ்க்குன்னு சொன்னீய. கண்ணு மங்கும்னு சொல்லல."

அது உண்மை.

அவர் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "வீட்ல பொண்டாட்டி மாடம்மாகிட்ட வாசிச்சுக் காட்டிட்டு வாரேன்."

"எப்போ வருவேள்?"

"வாரேம்மா."

அவர் போனபின், செல் வளர்க்கும் பெட்டியின் சூடு குறையாமல் பார்த்துக்கொள்ளும்படி ஆய்வுக்கூடத்தில் சொல்லிவிட்டு, ஜானவி மேஜையில் கிடந்த தமிழ்த் தாளின் இன்னொரு பிரதியை எடுத்தாள். மூன்றாம் பக்கத்தைத் திருப்பி, மேலிருந்து கீழே விரலை ஓட்டினாள். கண் மங்கும் என்ற அந்த வரி எது என்று அவளுக்குத் தெரியவில்லை.