அக்கரைப் போல்டில் ஏறிய நட்

கீலர் பட்டறையில் செய்யப்பட்ட நீராவி எஞ்சின் ஒன்று, 1852ஆம் ஆண்டின் பனிக்காலத்தில் பழுதுபார்ப்பதற்காக எங்களிடம் வந்தது. பாஸ்டனுக்கு வடக்கே ஓடும் மெரிமாக் ஆற்றின் அக்கரையிலுள்ள காகித ஆலைக்காரர், அதே கரையிலிருந்த எங்கள் போட்டியாளர் கீலர் மீது கொண்ட கோபத்தால், அதனை எங்கள் தார்ண்டைக் பட்டறைக்கு அனுப்பியிருந்தார். உருளை மூடியின் நட்டுகளில் ஒன்று விரிசல் கண்டிருந்தது. பொருத்துகூடத்தின் மேற்பார்வையாளனாகிய நான், பருமனை ஒப்பிடும் பொருட்டு எங்கள் நட் ஒன்றை அந்தப் போல்டின் நுனியில் வைத்தேன். விரலால் திருப்பியவுடன் அது அடிவரை கச்சிதமாகச் சுழன்று இறங்கியது.

அது நடக்கக்கூடாத ஒன்று. ஒவ்வொரு பட்டறையும், போல்டிலும் நட்டிலும் வெட்டும் திருகுப்புரிக்குத் தனக்கென்று தனி அளவை, தனி மரையை, வைத்திருந்தது. எங்கள் எஞ்சினை வாங்கியவர், நட் ஒன்று உடைந்தாலும் எங்களிடமே திரும்பி வரவேண்டும். அந்த மரைக்கு மூலமாகிய நீண்ட எஃகுத் திருகு, எண்ணெய்த் துணி சுற்றப்பட்டுப் பூட்டிய அறையில் இருந்தது. அதனை நாங்கள் தாய்த்திருகு என்போம்.

முதலாளி தார்ண்டைக் அந்த நட்டைத் தாமே கழற்றி, தாமே மாட்டிப் பார்த்தார். பிறகு கதவைச் சாத்தினார்.

"யாரோ தாய்த்திருக அளந்து அக்கரைக்குக் குடுத்திருக்கான். அந்த ரூமுக்குள்ள போறது நீ, நான், அசாஹெல். நான் குடுக்கல."

"நானும் குடுக்கல முதலாளி."

"குடுத்தவனும் இதத்தான் சொல்வான்."

அசாஹெல் கிரேன், நாங்கள் விற்பனைக்குச் செய்யும் கடைசல் இயந்திரங்களுக்கு, மரை வெட்டும்போது உளியை நகர்த்திச் செல்லும் வழித்திருகை வெட்டுபவர். தாய்த்திருகைப் பார்த்தே ஒவ்வொன்றையும் வெட்டவேண்டும். அவருடைய மைத்துனர் கீலரிடம் வேலை பார்த்தார். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அசாஹெல் அங்கே சாப்பிடச் செல்வதுண்டு. அதுவரை உறவாக இருந்தது, அன்றுமுதல் குற்றமாயிற்று.

"என்னப்பா, மச்சான் வீட்டு பீன்ஸ்ல உப்பு சரியா இருந்துச்சா? எதையோ அளந்து குடுத்தியாமே?" என்று பொருத்துநர் ஓபெட் எல்லோரும் கேட்கச் சீண்டினார்.

"உப்பு சரியாத்தான் இருந்துச்சு. உன் வாய்தான் நீளம். அதையும் அளந்து குடுத்துரவா?" என்றார் அசாஹெல். சிலர் சிரித்தனர். சிரித்தவர் யார் யாரென்று முதலாளி சன்னல் வழியே கவனித்துக்கொண்டிருந்தார்.

தாய்த்திருகின் அளவு எதுவும் உள்ளே ஒளித்து வைக்கப்படவில்லை என்று சனிக்கிழமை நண்பகலுக்குள் கருவிப்பெட்டியைத் திறந்து காட்டவேண்டும், இல்லையேல் வேலை இல்லை என்று அவர் அசாஹெலுக்கு ஆணையிட்டார். வேலை போனால் பட்டறைக்குச் சொந்தமான வீடும் போகும். அசாஹெலின் மனைவியோ நிறைமாதக் கர்ப்பிணி. எனினும், இயந்திரத் தொழிலாளி ஒருவனின் பெட்டியைப் பிறர் தொடுவதென்பது எங்களிடையே இல்லாத வழக்கம். முதலாளியும் உரியவனைக் கேட்டுவிட்டே அதன்மேல் தொப்பியை வைப்பார்.

முற்றத்தில் நான் அசாஹெலிடம் கெஞ்சினேன். "உள்ள ஒண்ணும் இல்லன்னா திறந்து காட்டிட்டுப் போயேன்ப்பா."

"ஒண்ணும் இல்ல. அதனாலதான் திறக்க மாட்டேன். இன்னிக்கு என்னுது, நாளைக்கு உன்னுது."

அவர் சொன்னதை நான் முழுமையாக நம்பவில்லை.

சனிக்கிழமை காலையில், செப்பனிட்ட எஞ்சினைக் காகித ஆலையில் சேர்ப்பித்துவிட்டுத் திரும்பும் வழியில், குதிரைக்குத் தண்ணீர் காட்டும் சாக்கில் கீலர் பட்டறையில் நுழைந்தேன். கதவருகே பழைய கடைசல் இயந்திரம் ஒன்று போல்டுகளுக்கு மரை வெட்டிக்கொண்டிருந்தது. அதன் இரும்புப் படுகையில் எங்கள் பட்டறையின் பெயர் வார்க்கப்பட்டிருந்தது. எங்கே வாங்கியது என்று இயக்கியவரிடம் கேட்டேன்.

"பாஸ்டன் ஏஜெண்டுகிட்ட, பல வருஷம் முன்னாடி. நல்ல லேத்து. உங்க ஆளுங்க செஞ்சதுதானே, உனக்குத் தெரியாதா?" என்றார் அவர்.

எனக்கு மட்டுமன்று, எவருக்கும் அது தோன்றவில்லை. அதன் வழித்திருகு எங்கள் தாய்த்திருகின் மகள். மரையின் இடைவெளியை முடிவுசெய்யும் பல்சக்கரங்களும் நாங்களே கொடுத்தவை. அது வெட்டும் மரை எங்கள் மரையாகத்தானே இருக்கும்? தாயைப் பூட்டிவைத்துக் காவல் காத்த நாங்கள், மகள்களை ஊரூராக விற்று வந்திருக்கிறோம். எஞ்சின் கூடத்தில் நின்று திருடனைத் தேடிய முதலாளி, அடுத்த கூடத்தில் அதே மரையைத் தாமே விற்றுக்கொண்டிருந்ததைப் பார்க்கவில்லை.

வண்டியை விரட்டினேன். நண்பகல் மணி ஒலிப்பதற்கு முன்பே வந்துவிட்டேன். ஆயினும் முதலாளி அதுவரை காத்திருக்கவில்லை. அசாஹெலின் பெட்டிப் பூட்டு நெம்பப்பட்டுக் கிடந்தது. உளிகளும் கவராயங்களும் அரங்களும் தரையில் பரவியிருந்தன. அவற்றுக்கு நடுவே முதலாளி மண்டியிட்டு, பெட்டியின் அடிப்பலகையைத் தட்டிக்கொண்டிருந்தார். அசாஹெல் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

கீலர் பட்டறையில் கண்டதை எல்லோர் முன்னிலையிலும் கூறினேன். முதலாளி தட்டுவதை நிறுத்தினார். எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார்.

"சரி அசாஹெல். எடுத்து அடுக்கி வச்சிட்டு வேலையப் பாரு."

அசாஹெல் அடுக்கினார். ஒவ்வொரு கருவியையும் துடைத்து, அதனதன் இடத்தில் வைத்தார். பிறகு பெட்டியைக் கயிற்றால் கட்டித் தோளில் ஏற்றினார்.

"வேலையப் பாக்கத்தான் போறேன் முதலாளி. இங்க இல்ல."

"வீடு?"

"நாளைக்குக் காலி பண்ணிடுறேன்."

அவர் வெளியேறியதும் முதலாளி என் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினார். "சன்னல்கிட்ட போ. பாலத்துக்குப் போறானா, ரயிலடிக்குப் போறானா, பாரு. அக்கரைக்குப் போனா, நான் மொதல்லயே நெனச்சது சரி."

பனியில் சுமையுடன் நடந்த அசாஹெல், தெருமுனையில் சற்றும் தயங்காமல் பாலத்தை நோக்கித் திரும்பினார்.

"ரயிலடிக்கு," என்றேன்.

முதலாளி என்னை நெடுநேரம் உற்றுநோக்கினார். பிறகு, தாமே பார்ப்பதற்காக மற்றொரு சன்னலை நோக்கி நடந்தார்.