சுருங்காத பதினொன்று

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை. சுங்கைப் பட்டாணியில் ஒரு கிளினிக்கில் ரத்த அழுத்த மாத்திரைக்கு நம்பர் எடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து நாற்காலி அம்மா என் முகத்தை இரண்டு தடவை உற்றுப் பார்த்தார்.

“நீங்கதானே தம்பி ஞாயித்துக்கிழமை பேப்பர்ல கதை எழுதுறது?”

ஆமாம் என்று சொல்லிவிட்டுப் பாராட்டுக்குத் தயாரானேன். (எழுதுகிறவனின் இந்த வியாதிக்கு அந்த கிளினிக்கில் மாத்திரை இல்லை.) அவர் பாராட்டவில்லை. “ஒரு சங்கதி சொல்றேன். எழுதுவீங்களா?” என்றார். வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன்.

தொடக்கம் ஒன்று: மெர்போக்கில் மழை பிடித்துக்கொண்ட அந்த— வேண்டாம். நம் ஊர்க் கதை என்றாலே மழையில்தான் ஆரம்பிக்க வேண்டுமா?

தொடக்கம் இரண்டு: முப்பத்தோரு வருஷம் களை பிடுங்கிப் பழகிய அந்தக் கை— இதுவும் வேண்டாம். கைக்குப் பழியைத் தூக்கிக் கொடுக்கிற தொடக்கம் இது.

தொடக்கம் மூன்று: கேதரின் பதினொரு பிள்ளைகளைக் கொன்றார்.

இதை வைத்துக்கொள்கிறேன். அவர் சொன்ன சொல்லே இதுதான். “பதினோரு புள்ளைய கொன்னுட்டேன் தம்பி” என்றார், மாத்திரை வாங்க வந்த இடத்தில். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் சொன்னது செடியை என்று புரிய எனக்குப் பத்து நிமிஷம் ஆனது. புரிந்த பிறகும் அந்த அதிர்ச்சி என்னை விடவில்லை.

2

செடியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

நெடுஞ்சாலை ஓரத்தில் அகாசியா மரம் பார்த்திருப்பீர்கள். அது வெளியூரிலிருந்து வந்து குடியேறியது. நம் செடி அதற்கு ஒன்றுவிட்ட உறவு. இந்த மண்ணிலேயே பிறந்தது. ஆள் உயரக் குத்துச்செடி, பஞ்சு உருண்டை போல மஞ்சள் பூ, நெற்றுக்குள் கறுப்பு விதை.* அதன் இலை தட்டையாக, விரல் நீளத்துக்கு இருக்கும். உண்மையில் அது இலையே இல்லை. இலைக்காம்புதான் அகன்று தட்டையாகி இலையின் வேலையைப் பார்க்கிறது.

(*இந்தச் செடியை எங்கேயும் தேடாதீர்கள், கிடைக்காது. உண்மையான செடியை மறைக்க நான் உண்டாக்கியது. இலைக்காம்பும் வெந்நீரும் மட்டும் அந்தக் குடும்பத்தில் பலவற்றுக்குப் பொதுவானவை.)

செர்டாங் பக்கம், எண்ணெய் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தின் பின்னால் இருந்த குன்றில் அதைக் கண்டுபிடித்தவர் லோகேந்திரன். ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர், யாழ்ப்பாணக் குடும்பம், வயது எழுபத்தொன்பது. ஒரே ஒரு புதர்தான் இருந்தது. ஆறு வருஷம் தேடியும் இன்னொன்று அவர் கண்ணில் படவில்லை. போன வருஷம் குன்றையே வெட்டிச் சமமாக்கிவிட்டார்கள். அவர் கையில் மிஞ்சியது பத்தொன்பது விதை.

அதை எடுத்துக்கொண்டு நேராக மெர்போக்கில் கேதரின் வீட்டுக்கு வந்தார். ரப்பர் நாற்றங்காலில் வேலை செய்து ஓய்வுபெற்றவர் கேதரின். அவர் பாத்தியில் களை தேடுவது முட்டையில் மயிர் தேடுகிற வேலை என்று வேலை வாங்கும் மண்டோர்களே சொல்வார்களாம்.

விதைமேல் கொதிநீரை ஊற்றச் சொன்னார் லோகேந்திரன்.

“கொதிக்கக் கொதிக்கவா சார்? வெந்துறாது?”

“வேகாது. இதின்ர தோல் கல்லு மாதிரி. காட்டில எண்டால் நெருப்புச் சூடு பட்டுத்தான் திறக்கும். சும்மா மண்ணில போட்டால் இருபது வருஷமும் அப்படியே கிடக்கும்.”

கேதரின் சிலுவை போட்டுக்கொண்டு ஊற்றினார். மறுநாள் காலை பதினான்கு விதை ஊதியிருந்தது. ஐந்து அசையவில்லை. அந்த ஐந்தையும் மாத்திரை போத்தலில் போட்டு சார் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஊதியவற்றை ஒரு பெட்டியில், வெட்டுப்பட்ட குன்றின் மண்ணையே நிரப்பி விதைத்தார்கள். அந்த வேருக்கு வேண்டிய கிருமி அந்த மண்ணில்தான் இருக்கிறதாம். சார் பெரிய புதரின் படத்தைக் காட்டி, “இதுதான் ஆள்” என்று சொல்லிவிட்டு, முழங்கால் ஆப்பரேஷனுக்குப் பினாங்கு போய்விட்டார்.

3

இந்தப் பகுதியைத் தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு எழுதுகிறேன்.

பன்னிரண்டாம் நாள் பெட்டி முழுக்கப் பச்சை. கேதரின் சந்தோஷமாக முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். குனிந்து பார்த்ததும் முகம் மாறியது. எல்லாம் புளிய இலை மாதிரிப் பொடி இலை. தட்டை இலை ஒன்றுகூட இல்லை. குன்றின் மண்ணோடு தொட்டாற்சுருங்கி விதையும் வந்துவிட்டது என்று அவருக்கு உடனே புரிந்தது. இந்தச் சனியன் அடைத்துக்கொண்டால் சாரின் செடி எப்படித் தலைதூக்கும்?

பிடுங்க ஆரம்பித்தார். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், ஒரு சின்ன ஆட்டு, வேரோடு வெளியே. விரல் பட்டதும் அவை சுருங்கின.

சில சுருங்கவில்லை.

இந்த வரியில் மூன்று நாள் நின்றேன். இதை எடுத்துவிட்டால் கேதரின் அக்கா அப்பாவி. படிக்கிறவர்கள் உச்சுக் கொட்டிவிட்டுப் போய்விடுவார்கள். எடுத்துவிடட்டுமா என்று போன் போட்டுக் கேட்டேன்.

“எடுக்காதீங்க தம்பி. சிலது சுருங்கல. நான் பாத்தேன். மனசுக்கு ஒரு மாதிரிதான் இருந்திச்சு. கை நிக்கல.”

பெட்டி துடைத்துவிட்ட மாதிரி ஆனது. சாயங்காலம் நாலு மணிக்கு, ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து வாட்ஸாப்பில் சாரின் குரல் வந்தது.

“கேதரின், ஒரு விசயம் சொல்ல மறந்திட்டன். முளைக்கேக்க தட்டை இலை வராது. முதல்ல பொடி இலைதான், புளிய இலை மாதிரி. ஆறேழு கிழமை போகத்தான் தட்டையாகும். களை எண்டு பிடுங்கிப் போடாதேயுங்கோ.”

சொல்லிவிட்டுச் சிரித்திருந்தார். கேதரின் அந்தச் சிரிப்பையும் முழுக்கக் கேட்டார். இன்னொரு முறை போட்டார். கொல்லையில் கொட்டிய குவியலை நோக்கி ஓடினார், ஒரு காலில் செருப்பில்லாமல்.

வதங்கிய குவியலில் ஒவ்வொன்றாகப் பிரித்தார். தொட்டாற்சுருங்கித் தண்டில் சிவப்பும் மயிரும் இருக்கும், சிலவற்றில் இல்லை. அப்படி இல்லாதவை பதினொன்று. வேர் அறாமல் பிடுங்குவதில் பேர்போனவர், அன்றைக்கும் ஒரு வேர் அறவில்லை. ஆனால் நாலு மணி நேர வெயில். எல்லாவற்றையும் திரும்ப நட்டு, தண்ணீர் தெளித்து, பிளாஸ்டிக் கப்பைக் கவிழ்த்து மூடினார். சாமிக்கும் நேர்ந்துகொண்டார். விடிந்தபோது பதினொன்றும் படுத்துக்கிடந்தன.

கேதரின் அக்கா கிளினிக்கில் இதைச் சொல்லும்போதும் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார்.

4

சார் திரும்பி வந்ததும் போனில் கேட்டார். கேதரின் சொன்னது இது:

“மொளைச்சிச்சு சார். தானா காஞ்சி போச்சு.”

ஒரு சின்னப் பொய். யாருக்கு என்ன கெட்டுவிடும் என்றுதான் நினைத்தார். சார், “அப்ப வெந்நீர்தான் கூடிப்போச்சு. உள்ளுக்க வெந்திட்டுது. என்ர பிழை. மிச்ச அஞ்சையும் திரும்ப வெந்நீர் ஊத்தாமல் சும்மாவே விதைப்பம், அடுத்த மாசம்” என்றார்.

சும்மா விதைத்தால் அது இருபது வருஷம் கிடக்கும் என்று சொன்னவரே அவர்தான். அவருக்கு இப்போதே எழுபத்தொன்பது. பதினொன்றைக் கை கொன்றது. மிச்சம் ஐந்தையும் வாய் கொல்லப் போகிறது.

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முடிவு அ: விதைத்த பதினான்கில் முளைக்காமல் கிடந்த மூன்றில் ஒன்று, பெட்டியின் மூலையில் மெல்ல— கேதரின் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். “அப்படி ஒன்னும் வரல. வந்த மாதிரி எழுதாதீங்க லா.”

முடிவு ஆ: குற்றம் சாருடையது. முக்கியமானதைச் சொல்ல மறந்தவர் அவர். “அவரு சொல்லலதான். நான் கேக்கலயே. சுருங்கலன்னு கண்ணால பாத்தேனே தம்பி.”

முடிவு இ: கேதரின் பஸ் ஏறிப்போய் சாரின் வீட்டு கேட் முன்னால் நிற்கிறார், மணியை— நின்றது உண்மை. இரண்டு தடவை. மணி அடிக்காமல் திரும்பி வந்ததும் உண்மை.

“சாருகிட்ட சொல்லாததை என்கிட்ட ஏன்க்கா சொன்னீங்க?”

“அவரு உங்க கதையை ஒன்னு விடாம படிப்பாரு தம்பி. வெட்டி ஃபைல்ல வச்சிருக்காரு. என் வாயால வரமாட்டேங்குது. அதான்.”

இருபத்தைந்து வருஷமாக எழுதுகிறேன். இலக்கியம் அது இது என்று மேடையில் நிறையப் பேசியிருக்கிறேன். என்னை நம்பி ஒரு தபாலைக் கொடுத்தவர் இவர் ஒருத்தர்தான்.

5

மற்ற வாசகர்கள் மன்னிக்க வேண்டும். இந்தப் பகுதி ஒருத்தருக்கு மட்டும்.

சார், உங்கள் பெயர் லோகேந்திரன் இல்லை. ஊரை மாற்றினேன், செடியை மாற்றினேன், ஆப்பரேஷனைக்கூட முழங்காலுக்கு மாற்றினேன். எண்களை மட்டும் மாற்றவில்லை. இந்நேரம் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

உங்கள் வெந்நீரில் பிழையில்லை. பதினொன்றும் நன்றாக முளைத்தன. அந்த ஐந்தையும் சும்மா விதைத்துவிடாதீர்கள்.

அக்கா சார்பில் நாலு வரி மன்னிப்பு எழுதியிருந்தேன். [அடித்துவிட்டேன். அவர்தான் அடிக்கச் சொன்னார். “மன்னிப்பை நான் நேர்ல கேட்டுக்குவேன், அவரு கூப்டா” என்றார்.] இன்னொன்றும் சொல்லச் சொன்னார்: “அஞ்சும் மொளைச்சா, களை எடுக்க வேற ஆளைப் பாத்துக்கச் சொல்லுங்க. என் கை நிக்காது.”

நீங்கள் வேறு ஆள் பார்ப்பீர்களா, பெட்டியை மறுபடியும் அவரிடமே கொண்டுபோவீர்களா? இரண்டையும் எழுதிப் பார்த்தேன். எது உண்மை என்று எனக்குத் தெரியவில்லை. அதை நீங்கள்தான் முடிக்க வேண்டும், சார். இந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எட்டு மணிப் பூசைக்குப் போகாமல் போன் பக்கத்திலேயே இருப்பேன் என்று அக்கா சொன்னார். உங்கள் வீட்டுக்குப் பேப்பர் ஏழரைக்கெல்லாம் வந்துவிடும் என்று அவருக்குத் தெரியும்.