ஒரு குடம் ஆற்றுத் தண்ணீர்

கொல்லம் ஆயிரத்து நூற்று மூன்றாம் ஆண்டு, சித்திரை மாதம் பத்தாம் நாள். கோடைமழை பொய்த்த வானம் அடுப்பிலேற்றிய வெறும் பானைபோல் காய்ந்து கிடந்தது. காற்று பெயருக்கும் இல்லை.

குழித்துறைக்குத் தெற்கே ஆற்றோரத்தில் அமைந்த அவ்வூரில் வாந்திபேதி புகுந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. கிணறுகளுக்கு மருந்திடும் சர்க்கார் உத்தியோகம் பார்த்தவர் இஸ்ரவேல். அவர் கருநீலப் பொடியை வாளியில் கரைத்து ஊற்றினால் கிணற்றுநீர் முழுவதும் இளஞ்சிவப்பாகும். நோய்க்கிருமி மடியும் என்பது மெய்யே. ஆயினும் அந்த நிறத்தையும் வாடையையும் அருவருத்த பெண்கள், குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு ஆற்றுக்கு நடந்தனர். பேதி கண்டோரின் துணிகள் அலசப்பட்டதும் அதே ஆற்றில்தான்.

மருந்திடத் தொடங்கிய முதல் நாளே, பள்ளிவாசல் தெருக் கிணற்றடியில், பாய் முடைந்து பிழைக்கும் மைமூன் பீவி அவரை வழிமறித்தாள். அவளுடைய வாய்க்கு ஊரே ஒதுங்கி நடக்கும்.

"ஓய், இதுல வேட்டிய முக்கினா சாயமேறி கல்யாண மாப்பிள வேட்டியாயிருமே. எங்களக் குடிக்கச் சொல்லுதீரு. நீரு குடிப்பீரா?"

இஸ்ரவேல் ஒரு செம்பு நீரை அண்ணாந்து குடித்தார். மைமூன் பீவி குடத்தைக் கீழே இறக்கினாள். அன்றுமுதல் எந்தக் கிணற்றில் மருந்திட்டாலும் முதற்செம்பு அவருடையதாயிற்று. ஆற்றுக்குச் செல்வோர் நாளுக்கு நாள் குறைந்தனர்.

சித்திரை பத்தாம் நாள் மாலையில் வீடு திரும்பியவர் முன் மனைவி செல்லபாய் கஞ்சியை வைத்தாள். வீட்டுக் கிணற்றிலும் அவரே மருந்திட்டிருந்தார். ஒரு வாய் வைத்தார்.

"ஏட்டி, பகல் முழுக்க இதத்தான் குடிக்கேன். வீட்டுலயும் இந்த வாடைதானா?" என்று கிண்ணத்தைத் தள்ளினார்.

சொன்னவர் அப்போதே மறந்தார், கேட்டவள் மறக்கவில்லை. மறுநாள் அவர் புறப்பட்டுப் போனபின், செல்லபாய் ஆற்றிலிருந்து ஒரு குடம் தண்ணீர் கோரி வந்து, முந்தைய நாட்சோற்றில் ஊற்றி, அவருடைய நண்பகல் உணவுக்கென மூடி வைத்தாள். அவரோ அடுத்த ஊரிலிருந்து ஆள் வந்து அழைக்க, அங்கேயே தங்கிவிட்டார்.

பன்னிரண்டாம் நாள் விடியலில் அவர் வந்தபோது, செல்லபாய் கண் குழிந்து, விரல்கள் தண்ணீரில் ஊறியவைபோல் சுருங்கிக் கிடந்தாள். அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல எந்த வண்டிக்காரனும் இசையவில்லை. உப்பிட்ட கஞ்சித்தெளிவைக் கரண்டியால் புகட்டியவாறே, என்ன உண்டாள் என்று விசாரித்தார். அவள் மெல்லச் சொன்னாள்.

"ஒங்களுக்குண்ணு ஆத்துத் தண்ணியில போட்ட சோறு. நீங்க வரல்ல. கொட்ட மனசு இல்லாம நான் தின்னேன்."

கரண்டி அவருடைய கையில் அப்படியே நின்றது.

உச்சிப்பொழுது கடந்தபின் வாசலுக்கப்பால் பேச்சுக் குரல்கள் கேட்டன. மருந்து ஊற்றுகிறவன் வீட்டிலேயே பேதியாம், அந்தச் சிவப்புத் தண்ணீர்தான் குடலை அறுத்ததாம் என்று ஊர் முழுவதும் செய்தி பரவியிருந்தது. பெண்கள் குடங்களோடு ஆற்றுப்பாதையில் இறங்கிக்கொண்டிருந்தனர். முன்னால் நடந்தவள் மைமூன் பீவி.

இஸ்ரவேல் எழவில்லை. செல்லபாயின் கை அவருடைய மணிக்கட்டைப் பற்றியிருந்தது. இனி அதிக நேரமில்லை என்று அதன் குளிர்ச்சி அவருக்கு உணர்த்தியது. இந்நேரத்தில் அவளை விட்டு எப்படிப் போவது? அவளும் அக்குரல்களைக் கேட்டுக்கொண்டுதான் கிடந்தாள். விரல்களைத் தானே தளர்த்தினாள்.

"போங்க. பிள்ளையளுள்ள வீடுகளாக்கும். போயிச் சொல்லுங்க."

அவர் ஓடினார். பாதையின் குறுக்கே நின்று, தலையிலிருந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

"கிணறு ஒண்ணும் செய்யல்ல. வாடையடிக்குண்ணு நான் ஒரு சொல்லு சொன்னேன். அவ எனக்காவ ஆத்துல கோரினா. அதத் தின்னுதான் கிடக்கா."

மைமூன் பீவி அவருடைய முகத்தையே சற்று நேரம் பார்த்தாள். பிறகு வெறுங்குடத்தை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, கிணற்றை நோக்கித் திரும்பி நடந்தாள். மற்றவர்களும் அவள் பின்னே திரும்பினர்.

இஸ்ரவேல் வீட்டுக்குள் வந்தார். கஞ்சித்தெளிவில் இன்னும் சூடு இருந்தது. செல்லபாயின் கை, அவர் விட்டுச்சென்ற இடத்திலேயே, விரல்கள் விரிந்தபடி கிடந்தது. அவளுடைய பெயரைச் சொல்லி இருமுறை அழைத்தார். சுவர்க்கடிகாரத்தில் அப்போது பிற்பகல் மூன்று மணி இருபது நிமிடம்.