மீட்டர் காட்டிய அறுபத்தைந்து

1
இது என் கதையல்ல. திருத்தணியிலிருந்து சென்னைக்குப் போகும் மின்சார ரயிலில், எனக்கு அறிவியல் பாடம் எடுத்து ஓய்வுபெற்ற ஆசிரியர், சன்னலைப் பார்த்தபடியே சொன்னது. "எழுதிக்கோ. எம்பேரு மட்டும் வேணாம்" என்றார். ஆகவே ஆபேல் என்று வைக்கிறேன்.

முதல் தொடக்கம்: 'ஆபேல் சார் யாருக்கும் கெடுதல் நினைக்காத...'

(வேண்டாம். ஆரம்பத்திலேயே வக்காலத்து வாங்குகிறேன்.)

2
நடந்தது இது. கே.ஜி.கண்டிகையில் இருக்கும் கன்னியம்மாளுக்கு வீட்டிலேயே காடைக்குஞ்சு பொரிக்க ஆசை. ஆர்.கே.பேட்டையில் காடை வளர்க்கும் நாத்தனார் ஷோபனா நாற்பது முட்டை கொடுத்தனுப்பினாள். தெர்மாகோல் பெட்டியில் பல்பும் தண்ணீர்க் கிண்ணமும் வைத்து இன்குபேட்டர் செய்து தந்தவர் ஆபேல். தன் ஈரப்பத மீட்டரையும் கொடுத்தார். முதல் இரண்டு வாரம் ஐம்பதுக்குள், கடைசி மூன்று நாள் அறுபத்தைந்து என்று தாளில் எழுதியும் தந்தார்.

பதினைந்தாம் நாள் கன்னியம்மாள் போன் செய்தாள்.

"சார், மீட்டரு அறுபத்தஞ்சு காட்டுது. ஆனா மூடிக் கண்ணாடில ஆவியே படியலிங்க. இன்னொரு கிண்ணம் தண்ணி வைக்கட்டுமா?"

"மீட்டர நம்பும்மா. நீ என்ன அதவிட பெரிய ஆளா?"

(இந்த வரியை மென்மையாக்கப் பார்த்தேன். ரயிலில் அவரே இரண்டு முறை சொல்லிக்காட்டியதால் அப்படியே விட்டேன்.)

நாற்பதில் மூன்றுதான் வெளியே வந்தன. மற்றவை ஓட்டைக் கொத்தித் திறந்தும், உள்தோல் காய்ந்து உடம்போடு ஒட்டிக்கொண்டதால், அலகு வெளியே தெரிய அப்படியே செத்துக் கிடந்தன. கன்னியம்மாள் போனில் அழுதாள். ஆபேல் போய்ப் பார்க்கவில்லை.

"முட்டை பழசா இருந்திருக்கும்மா" என்றார்.

3
அந்த ஒரு வார்த்தை ஆர்.கே.பேட்டை வரை போனது. "வித்து மிஞ்சினத என் தலைல கட்டிட்டியா?" என்று கன்னியம்மாள் கேட்க, ஷோபனா பதிலுக்குக் கத்த, பேச்சு நின்றது. அடுத்த வெள்ளிக்கிழமை ஷோபனாவின் மகளுக்குத் திருத்தணி மலைமேல் காதுகுத்து. தாய்மாமன் ராஜமாணிக்கம், அதாவது கன்னியம்மாளின் கணவன், மடியில்தான் குழந்தை உட்கார வேண்டும். "போனீன்னா திரும்பி வராத" என்றாள் கன்னியம்மாள்.

அதற்கு இரண்டு நாள் முன்பு, புதன்கிழமை, கன்னியம்மாள் திருப்பி அனுப்பிய மீட்டரை ஆபேல் சோதித்தார். ஈர உப்பை ஒரு மூடியில் வைத்து, மீட்டரோடு டப்பாவில் போட்டு அடைத்தார். ஈர உப்போடு அடைத்த காற்றில் ஈரப்பதம் எப்போதும் எழுபத்தைந்துதான்; மீட்டரும் அதையே காட்ட வேண்டும். தொண்ணூற்று நான்கு காட்டியது. அப்படியென்றால் அது அறுபத்தைந்து என்றபோது பெட்டிக்குள் ஐம்பதுகூட இல்லை. முட்டைமேல் தப்பில்லை.

போனை எடுத்தார். சார்ஜ் இல்லை.

(பொய். இருந்தது. என் வாத்தியாருக்கு நான் தேடித்தந்த சாக்கு அது. எடுத்தார், வைத்துவிட்டார்.)

4
வெள்ளிக்கிழமை ராஜமாணிக்கம் வரவில்லை. யாரோ ஒரு தூரத்துச் சித்தப்பா மடியில் குழந்தைக்குக் காது குத்தினார்கள். மலையிலிருந்து இறங்கிய ஷோபனா, மொட்டைத்தலையில் சந்தனம் பூசிய குழந்தையோடு நேராக ஆபேல் வீட்டுக் கேட்டுக்கு வந்தாள்.

"சார், நீங்க படிச்சவரு. எம்முட்ட கெட்டதா? ஒரு வார்த்த சொல்லிடுங்க. எங்கண்ணன் மடியில்லாம காது குத்திகினு வந்துட்டேன்."

மீட்டர் உள்ளே மேசைமேல் இருந்தது.

"வெயில் காலம்மா" என்றார் ஆபேல். "யாரையும் குத்தம் சொல்ல முடியாது."

"ஆங்... சரிங்க சார். ரொம்ப நன்றிங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போனாள்.

அந்தக் கும்பிடைச் சொன்னபோதுதான் ரயிலில் அவர் சன்னலை விட்டு என் பக்கம் திரும்பினார்.

5
அவர் மீட்டரைக் கொண்டுவந்து காட்டி மன்னிப்புக் கேட்கும் முடிவையும் எழுதினேன். படித்தால் அவர்மேல் மரியாதை வருகிறது. கிழித்துவிட்டேன்.

நிஜத்தில் ஷோபனா பஸ் ஏறிப் போய்விட்டாள். கதையில் நான் இன்னும் பஸ்ஸை வரவிடவில்லை. குழந்தையின் காதில் ஈ உட்காராமல் முந்தானையால் விசிறிக்கொண்டு நிறுத்தத்தில் நிற்கிறாள். ஆபேலை வாசல்வரை நகர்த்திவிட்டேன். ஒரு கால் செருப்பில் இருக்கிறது. அதற்குமேல் என்னால் ஆகவில்லை. இன்னொரு காலை நீங்கள் வைக்கப் பாருங்கள்.