கோயில் வந்தால் ஏறும் முள்

என் வீட்டுக்காரர் தங்கப்பாண்டிக்குக் கோபம் வந்தால் கத்தமாட்டார். லாரியைத் துடைப்பார். அன்று காலை துடைத்த கண்ணாடியையே அவர் மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டிருந்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது, வண்டி மதுரைக்குப் போகப்போகிறது. என் தம்பி கட்டிக்கொடுத்த இன்ஜினை அங்கே யாரோ ஒருவர் பிரித்துப் பார்க்கப்போகிறார்.

"நானும் வாரேன்" என்றேன்.

"ஒர்க்‌ஷாப்புல உனக்கென்ன சோலி?"

"என் தம்பி வேலையப் பிரிக்கிற எடத்துல எனக்குத்தான் சோலி."

தம்பி சிவபாண்டி எழுமலையில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். போன வருஷம் சோழவந்தானிலிருந்து வாழைத்தார் ஏற்றி வரும்போது எங்கள் லாரியில் ஆயில் கொதித்து இன்ஜின் நின்றுபோனது. அவன்தான் முழுசாகப் பிரித்து, சிலிண்டரைக் கடைந்து போர் போட்டு, புது பிஸ்டன் வைத்துக் கட்டினான். இனி அப்படி ஆகக்கூடாது என்று இவர் ஆன்லைனில் ஒரு மீட்டர் வாங்கினார். இன்ஜின் ஆயில் எவ்வளவு சூடாக இருக்கிறது என்று காட்டும் மீட்டர். வண்டியோடு வருவதில்லை, தனியாக வாங்கித்தான் மாட்ட வேண்டும். வட்ட முகம், வெள்ளை முள், ஓரத்தில் சிவப்புக் கோடு. அதையும் சிவபாண்டியே மாட்டிக்கொடுத்து, "முள்ளு செவப்பத் தொட்டா வண்டிய ஓரங்கட்டிருங்க மச்சான்" என்று சொல்லி அனுப்பினான்.

அந்த முள் வந்த நாளிலிருந்து வீட்டில் நிம்மதி போனது. லோடோடு மேட்டில் முக்கி முனகி ஏறும்போது சாதுவாக நிற்கும். சமதரையில் வெறும் வண்டியாகப் போகும்போது திடீரென்று சிவப்புக்கு ஏறும். கொஞ்ச நேரத்தில் தானே இறங்கிவிடும். சிவபாண்டி சென்சாரை மாற்றினான். ஆயிலை மாற்றினான். மீட்டரையே மாற்றினான். அவன் ஒர்க்‌ஷாப்பில் வண்டி நிற்கும்வரை முள் நல்ல பிள்ளையாக இருக்கும். வண்டி ரோட்டுக்கு வந்ததும் ஆட்டம் தொடங்கும். அவனுக்கும் ஒன்றும் விளங்கவில்லை.

கடைசியில் ஒருநாள் இவர், அவன் ஒர்க்‌ஷாப்பில் நாலு பேர் வேலைக்காகக் காத்து நிற்கும்போது, சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டார். "பழைய சாமானப் போட்டுட்டுப் புதுசுன்னு சொல்லிட்ட மாப்ள."

சிவபாண்டி கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான். அப்புறம் சொன்னான்: "யாருகிட்ட வேணாலும் குடுத்துப் பிரிச்சுப் பாருங்க மச்சான். ஆனா என் வேலைய இன்னொருத்தன் பிரிச்ச பெறகு, புள்ளைய மடியில வைக்க என்னயக் கூப்பிடாதீங்க."

புள்ளை என்றால் எங்கள் மகள் தமிழ்வாணி. அடுத்த வாரம் எங்கள் குலசாமி கருப்பு கோயிலில் அவளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள். எனக்கு இருப்பதோ ஒரே தம்பி. வேறொருவன் மடியில் என் பிள்ளை உட்கார்வதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. இவரோ, "ஒண்ணுவிட்ட மாமன் எம்புட்டுப் பேரு இருக்காங்க" என்று சொல்லிவிட்டுத் துணியை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் போய்விட்டார்.

ஆகவே நானும் வண்டியில் ஏறினேன். முள்ளை விட்டுக் கண்ணை எடுப்பதில்லை என்று முடிவோடுதான் ஏறினேன். உசிலம்பட்டி வரும்வரை அது அசையவே இல்லை. பாருங்கள், என் தம்பி வேலை எப்படி என்று மனதுக்குள் மார்தட்டிக்கொண்டேன்.

ஊருக்குள் ஒரு அம்மன் கோயில் வந்தது. இவர் வழக்கம்போல் சாமி லைட்டைப் போட்டு, விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இன்ஜின் வேலை முடிந்து வண்டி வெளியே வந்த அன்று, கண்ணாடிப் பெட்டிக்குள் குலசாமி படத்தை வைத்து டேஷ்போர்டில் மாட்டினார். உள்ளே ரெண்டு பல்பு, சுற்றிலும் ஓடும் கலர் சீரியல் லைட். சிவபாண்டி வயரைக் கையில் எடுத்தபோது, "எங்க குலசாமிக்கு எங்க வீட்டுக் கைதான் படணும்" என்று அவனைத் தள்ளி நிற்கச் சொல்லி, எல்லாவற்றையும் இவரே பொருத்தினார். அதற்குப் பிறகு அவன் அந்தப் பெட்டிப் பக்கம் கையைக் கொண்டுபோனதே இல்லை. பேட்டரி இறங்கிவிடும் என்று நாள் முழுக்க எரியவிடமாட்டார். கோயில் வந்தால் போடுவார், தாண்டினதும் அணைப்பார். போடுவது அவருக்கே தெரியாது, கை தன்னாலே போகும்.

நானும் அம்மனைக் கும்பிட்டேன். கும்பிட்டுவிட்டுப் பார்க்கிறேன், முள் சிவப்பில் நிற்கிறது.

"பாத்தியா? இங்க என்ன ஏத்தமா இருக்கு? லோடுகூட இல்ல" என்றார்.

ஊரைத் தாண்டியதும் முள் இறங்கியது. செக்கானூரணியில் இன்னொரு கோயில். மறுபடியும் ஏறியது, மறுபடியும் இறங்கியது.

"ஏங்க, கோயில் வந்தா ஏறுது" என்றேன்.

"எனக்கு அது எப்பவோ தெரியும். சொன்னாச் சிரிப்பாங்கன்னு சொல்லல" என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. "கருப்பு காட்டிக்குடுக்கிறாரு. உன் தம்பி செஞ்ச வேலைய."

"காட்டிக்குடுக்கல, கோவப்படுறாரு. தாய்மாமன ஒதுக்கி வச்சிட்டுக் காதுகுத்தப் பாக்கிறீங்கள்ல, அதான்."

ஒரே முள்ளை வைத்துக்கொண்டு ஆளுக்கொரு குறி சொன்னோம். ஆனால் உள்ளுக்குள் எனக்கு உதறல்தான். கொதிக்கிற ஆயிலுக்கும் கோயிலுக்கும் என்ன சம்பந்தம்? உண்மையாகவே சாமி ஏதோ சொல்கிறதா? அப்படியென்றால் யாரைப் பற்றிச் சொல்கிறது? பிள்ளைக்குக் காது குத்தப்போகிற நேரத்தில் இதென்ன சோதனை? முள் இனி ஏறாமல் இருந்தால் கோயிலுக்கு வெண்கல மணி கட்டுகிறேன் என்று வேண்டிக்கொண்டேன்.

நாகமலை புதுக்கோட்டையில் ஒரு பஸ் குறுக்கே பாய்ந்தது. இவர் ரெண்டு கையாலும் ஸ்டியரிங்கை ஒடித்து, திட்டிக்கொண்டே வண்டியை நேராக்கினார். அதற்குள் ரோட்டோரப் பிள்ளையார் கோயில் கடந்துபோனது. முள் அசையவில்லை. மணிக்கு இம்புட்டு மதிப்பா என்று எனக்கு மெய்சிலிர்த்தது.

"அடடா, பிள்ளையாரக் கும்பிடாம வந்துட்டனே" என்று இவர் நாக்கைக் கடித்துக்கொண்டு லைட்டைப் போட்டார். முள் ஏறியது.

பிள்ளையார் எப்போதோ பின்னால் போய்விட்டார். இப்போது எதற்கு ஏறுகிறது? என் மண்டை காய்ந்துபோனது. இவர் லைட்டை அணைத்தார், முள் இறங்கியது. கண்ணெதிரே என்னமோ நடக்கிறது, எனக்குத்தான் பிடிபடமாட்டேன் என்கிறது.

"ஏங்க, இன்னொரு தடவ லைட்டப் போடுங்களேன்."

"சாமி லைட்டு என்ன வெளையாட்டுச் சாமானா?" என்றார். அதற்கு மேல் கேட்டால் சண்டைதான் வரும்.

மதுரையில் அந்த ஒர்க்‌ஷாப் அப்துல் அலீம் பாயுடையது. நிதானமான மனிதர். "சூடா இருக்கிற இன்ஜின்ல கை வைக்க முடியாதுண்ணே, ஆறட்டும்" என்று சொல்லி எங்களைச் சாப்பிட அனுப்பினார். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இலையில் குழம்பைப் பார்த்தாலும் அந்த முள்தான் தெரிந்தது. லைட்டா, சாமியா, இன்ஜினா? எதைச் சொன்னாலும் என்னைப் பைத்தியம் என்பார்கள்.

சாயங்காலம் வரை காத்திருந்துவிட்டுத் திரும்பி வந்தபோது பாய் ஸ்பேனர்களை எடுத்து வரிசையாக வைத்துவிட்டு, இன்ஜின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். முதல் போல்ட்டில் ஸ்பேனரைப் போட்டார். அது கழன்றால் என் தம்பி உறவும் கழன்றுவிடும். பைத்தியம் என்றால் சொல்லிவிட்டுப் போகட்டும் என்று நான் வண்டிக்குள் ஏறினேன்.

"பாய், இன்ஜின் நல்லா ஆறிருச்சா?"

"ஜில்லுனு இருக்கும்மா."

"ஸ்டார்ட் பண்ணாமச் சாவிய மட்டும் திருப்புனா, முள்ளு எங்க நிக்கணும்?"

"அடியில நிக்கணும். வேறெங்க நிக்கும்?"

சாவியைத் திருப்பினேன். முள் அடியில் நின்றது. மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு சாமி லைட்டைத் தட்டினேன். பெட்டிக்குள் சாமி முகம் ஒளிர்ந்தது. முள் எழுந்து நேராகச் சிவப்புக்குப் போனது.

பாய் ஸ்பேனரைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். "ஓடாத இன்ஜினுக்கு எப்படிம்மா சூடு வரும்?" என்றார். நான் அணைத்தேன், போட்டேன், அணைத்தேன், போட்டேன். முள் ஏறி ஏறி இறங்கியது. இவர் கதவைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றார்.

பாய் டேஷ்போர்டுக்கு அடியில் தலையைக் கொடுத்து டார்ச் அடித்தார். "மீட்டரோட எர்த்து வயரச் சீவி, சாமி லைட்டோட எர்த்தையும் அதுலயே முறுக்கி டேப் சுத்தியிருக்கு. லைட்டு இழுக்கிற கரண்ட்டு பூரா இந்த நோஞ்சான் வயரு வழியாத்தான் திரும்பணும். இது தாங்காம மீட்டர் தப்பாக் காட்டுது. இன்ஜின் மேல குத்தமே இல்லண்ணே. இது யாரு வேலை?"

இவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கதவுக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். பாய்க்குப் புரிந்துவிட்டது.

"தனி எர்த்து போட்டா முடிஞ்சுரும். சாமிப் பெட்டிய நான் தொடலாமாண்ணே?"

"தொடுங்க பாய்" என்றார் இவர், தலையை நிமிர்த்தாமல்.

"இத இன்ஜின் கட்டுனவரு பாக்கலையா?"

"பாக்க விடல" என்றேன் நான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அதற்கு மேல் பேசியிருந்தால் அழுதிருப்பேன்.

திரும்பும் வழியில் எல்லாக் கோயிலுக்கும் லைட் எரிந்தது. முள் அசையவில்லை. வீட்டுக்குப் போகாமல் நேராக எழுமலைக்கு ஓட்டினார்.

சிவபாண்டி ஒரு டிராக்டருக்கு அடியிலிருந்து வெளியே வந்தான். "பிரிச்சாச்சா?" என்று கேட்டான்.

"பிரிக்கல" என்றார். அவ்வளவுதான். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒன்று விடாமல் நானே சொல்லிமுடித்தேன்.

சிவபாண்டி வண்டியில் ஏறி, சாமி லைட்டைப் போட்டு, முள்ளைப் பார்த்தான். இறங்கி வந்து கையைத் துடைத்துக்கொண்டான். அவரைப் பார்க்காமல் என்னிடம் சொன்னான்: "புள்ளைய மடியில வச்சுக்கிறேன்க்கா. அது புள்ளைக்குச் செய்யிற மொற. ஆனா இந்த வண்டியில இனிமே கை வைக்கமாட்டேன்."

எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. ஆனாலும் அது போதவில்லை. நாலு பேர் முன்னால் பட்ட அவமானம் ஒரு வயரை மாற்றினால் போய்விடுமா?

காதுகுத்து அன்று கருப்பு கோயிலில் சொந்தபந்தம் எல்லாம் சுற்றி நின்றது. சிவபாண்டி புது வேட்டி கட்டி, தமிழ்வாணியை மடியில் வைத்து, ஒரு கையால் அவள் தலையையும் இன்னொரு கையால் அவள் ரெண்டு கையையும் இறுக்கிப் பிடித்திருந்தான். ஆசாரி ஊசியை எடுத்தார். அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவன் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தார். பிள்ளையைப் பிடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவர் லாரிச் சாவியை எடுத்துச் சிவபாண்டியின் சட்டைப் பையில் போட்டார்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. என் மாப்ள செஞ்ச வேலை சுத்தமான வேலை. வயரத் தப்பா மாட்டுனது நான்" என்றார் உரக்க. அப்புறம் மெதுவாக, "நாளைக்கு ஆயில் மாத்தணும் மாப்ள. சாமிப் பெட்டியையும் கொஞ்சம் பாத்துக் குடு" என்றார்.

சிவபாண்டிக்கு முகம் சிவந்துவிட்டது. சாவியை எடுத்து எறிந்திருப்பான், ரெண்டு கையிலும் பிள்ளை இருந்தாள்.

"அங்கிட்டுப் போங்க மச்சான், புள்ள அசையிறா" என்றான். குரல் உடைந்திருந்தது.

தமிழ்வாணி ஊரே கேட்க அலறினாள். நானும் அழுதேன். கேட்டவர்களிடம் பிள்ளைக்காக அழுகிறேன் என்று சொன்னேன். பந்தி முடிந்து எல்லாரும் கிளம்பும்போது சிவபாண்டியின் சட்டைப் பையைப் பார்த்தேன். சாவி அங்கேயே இருந்தது.